குசினிச் சுவரில் மூன்று சொற்கள்

நேற்று மகள் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தை விரித்து, "பேஸ்லெஸ், கிரவுண்ட்லெஸ், அன்ஃபவுண்டட்" என்று உருப்போட்டபோது என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது.

'ஆதாரமற்றது' என்றே பொருள்படும் அதே மூன்று சொற்களையும் அக்கா, சோதனைக்கென்று, கல்லடிக் கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில், மீன் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கும் உப்புக்காற்றின் ஈரமும் ஒருபோதும் காயாத அந்தச் சுவரில், கரியால் எழுதி வைத்திருந்தாள். சண்டை ஓய்ந்திருந்த காலத்திலும் வதந்தி ஓயவில்லை. டவுனுக்குப் போகும் பாலத்தைப் பூட்டப் போகிறார்களாம், ஆமி சுற்றிவளைப்பாம், கடையில் கோதுமை மா இல்லையாம் என்று ஒவ்வொன்றையும் முதலில் கொண்டுவருபவர் பக்கத்து வீட்டு மாமி. முழங்கால் வருத்தத்தோடு காலை இழுத்து இழுத்து வந்து அவர் படலையைத் திறக்கும் கிறீச்சொலி கேட்டதுமே, அக்காவும் நானும் சுவரைப் பார்த்து ஒரு சொல்லைக் கத்துவோம். மாமியும் சிரிப்பார். அநேகமாக நாங்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்த ஞாயிறு காலையும் படலை கிறீச்சிட்டது.

"கடல் வருகுது மனே, ஓடுங்க!"

"பேஸ்லெஸ்!" என்று நான் உள்ளே இருந்தபடியே கத்தினேன். அக்கா சிரித்தாள்.

அந்தக் காலோடு வீதிவரை ஓடிய மாமி, நாங்கள் வராததைக் கண்டு திரும்பி வந்திருக்கிறார்.

"பகிடி இல்ல மனே!"

அழுகையாக வந்த அந்தக் குரலுக்குத்தான் நாங்கள் பின்கதவால் பாலத்துப் பக்கம் ஓடினோம். வீடு இருந்த இடத்தில் பிறகு மணல்தான் கிடந்தது. மாமியை யாரும் காணவில்லை.

அவர் அன்று வீதிவரை ஒருமுறை தப்பிப் போனவர் என்பதை நான் இன்றுவரை அவருடைய பிள்ளைகளிடம் சொல்லவில்லை.