ஏழு காரணங்களும் பெரியம்மா சொன்ன எட்டாவதும்

என் கடை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு லேமினேஷன் தாள் கிடக்கிறது. ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, மூலை பழுப்பேறிவிட்டது. ‘ஆர்மீனியாவைச் சுற்றிப் பார்க்க ஏழு காரணங்கள்’ என்று தடித்த எழுத்தில் தலைப்பு. தட்டச்சு செய்தவன் நான். அச்செடுத்தவன் நான். இயந்திரத்தின் வாயிலிருந்து சூடாக வெளியே வந்தபோது, எவ்வளவு பளபளப்பு என்று பெருமைப்பட்டவனும் நானேதான். இன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கிழித்துப் போடலாமென்றால் கிழியவும் மாட்டேன் என்கிறது. அவ்வளவு கெட்டியாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஆர்மீனியாவோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆட்களைச் சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். “ஏர்போர்ட்ல எதுக்குப் போறன்னு கேட்டா நம்ம ஆளுங்க திருதிருன்னு முழிச்சிக்கினு நிக்கறாங்க சார். டூரிஸ்ட்டு மாதிரி பேச வரல. நல்லதா ஏழெட்டு காரணம் எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கினு போவட்டும்” என்றார். திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாத நான் இணையத்தைத் துழாவி எழுதினேன். செலவு குறைவு. அதிகம் பேருக்குத் தெரியாத நாடு, அதனால் கூட்டம் இருக்காது. நோவாவின் பேழை தங்கியதாகச் சொல்லப்படும் மலை தலைநகரிலிருந்தே தெரியும். கடல் போல ஒரு ஏரி. நகரத்தின் நடுவே மலையேறுவது போன்ற பெரிய படிக்கட்டு. பழமையான தேவாலயங்கள். குழி அடுப்பில் சுடும் மெல்லிய ரொட்டி. தெருவுக்குத் தெரு இலவசக் குடிநீர் ஊற்று உண்டு என்றும் படித்தேன். தண்ணீர் குடிக்கவா ஒருவன் விமானம் ஏறுவான் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

முதலில் அந்தத் தாளை வாங்கி, மனப்பாடம் செய்து திருப்பிக் கொடுத்தது என் பெரியம்மாவின் மகன், என் அண்ணன். விக்கிரவாண்டியில் சாலையோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மேம்பாலம் வந்து வண்டிகளெல்லாம் தலைக்கு மேலே பறக்க ஆரம்பித்ததும் ஓட்டலை மூடிவிட்டார்கள். கண்டாச்சிபுரம் பக்கத்து ஊரில் பெரியம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதில் அம்மாவின் கூலியில் சாப்பிடுகிறோமே என்று அண்ணன் கூனிக்குறுகிப் போயிருந்தார். ஏஜெண்டிடம் அவரைக் கூட்டிப் போனதும் நான்தான். பயணத்துக்கு முந்தின வாரம் கடையில் ஒத்திகை நடந்தது. நான் அதிகாரி. “ஏரி பாக்கவா அவ்ளோ தூரம் போறே? உங்க ஊர்ல ஏரி இல்ல?” என்று மிரட்டினேன். “இருக்குது சார், அதுல தண்ணிதான் இல்ல” என்றார் அண்ணன். கடையே சிரித்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போய்ச் சேர்ந்தார். ஒரு சமையலறையில் வேலை என்றார். மாதத்துக்கு ஒரு படம் வந்தது. மலைக்கு முன்னால் அண்ணன், ஏரிக்கரையில் அண்ணன், படிக்கட்டில் அண்ணன். பெரியம்மா அந்தப் போனைக் களத்துமேடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்து எல்லோருக்கும் காட்டினார். ஏழாவது படத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அங்கே அண்ணனோடு தங்கியிருந்த ஒருவனைத் தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, வேறு வேலை கிடைத்ததென்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்கு மேல் தெரியாது என்றான். ஏஜெண்டோ, “அங்க எறக்கிவுட்டதோட நம்ம பொறுப்பு முடிஞ்சிது சார்” என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டு வருடம் திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் பெரியம்மா மனு கொடுத்தார். எழுதிக் கொடுப்பது நான், வரிசையில் நிற்பது அவர். மேலே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வரும். மேலே என்றால் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இன்னாத்துக்குடா இந்தப் பேஜாரு? நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்.” நான் சிரிக்கவில்லை. கையில் இருந்த நாலு ஆட்டையும் வீட்டுமனையையும் விற்றுவிட்டுத்தான் வந்திருந்தார். ஐந்து நாள் சுற்றிக் காட்டிக் கூட்டி வரும் மலிவான டூர் ஒன்று சென்னையிலிருந்து கிளம்புவதாகப் பார்த்து அதில் சேர்த்துவிட்டேன். கூடப் போகிறேன் என்று என் வாயில் வரவேயில்லை. கடையை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன்.

தேடும்போது காட்ட அண்ணனின் படங்களை அச்செடுத்தேன். ஏழையும் மேசையில் வரிசையாகப் பரப்பியபோதுதான் கண்ணில் பட்டது. ஏழிலும் ஒரே சட்டை. காலரில் ஒரே மடிப்பு. போன புதிதில் ஒரே தடவை சுற்றி எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார். சட்டென்று படங்களை அடுக்கி உறைக்குள் போட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்தார். “மறைக்காதடா. மூணாவது படத்துலயே எனக்குத் தெரியும். மூணுலயும் நான் தச்சுவுட்ட அதே பொத்தான்.” என்னிடமும் சொல்லாமல், ஊருக்கும் அழாமல், அத்தனை நாளும் அந்தப் படங்களைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

மகனைத் தேடப் போகிறேன் என்று சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தி, அதே தாளை அவருக்கும் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர், இரண்டே நாளில் ஏழையும் வரிசையாகச் சொன்னார். ஏர்போர்ட்டில் கேட்ட ஒரு கேள்விக்கு ஏழு காரணத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாராம். “போதும்மா, போதும்மா, நல்லாப் பாத்துட்டு வாங்க” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாராம் அதிகாரி.

எட்டாம் நாள் மதியம் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். அதற்குள் ஆள் பாதியாகியிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத்தான் பேசினார். கூட வந்தவர்கள் செல்ஃபி எடுத்த இடத்திலெல்லாம் இவர் படத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். படத்தில் அண்ணன் நின்ற படிக்கட்டில், அதே படியில், அரை நாள் உட்கார்ந்திருக்கிறார். வழிகாட்டி ஜல்தி ஜல்தி என்று பஸ்ஸுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். “அந்த மலை கண்ணுக்கு நேரா நிக்குதுடா. ஆனா போவ முடியாதாம். வேற நாட்டுல கீதாம்.” யாருக்கும் அண்ணனைத் தெரியவில்லை.

கையோடு கொண்டுபோயிருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். “நீ ஒண்ணு எழுதாம வுட்டுட்டடா. அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு குடிக்கத் தண்ணி வந்துக்கினே கீது. மூடறதே இல்ல. யாரும் காசும் கேக்கல, யாரு என்னான்னும் கேக்கல. நான் ஒவ்வொண்ணுலயும் குடிச்சிப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சி. எம்புள்ள எப்படிப் போனானோ, எங்க கெடக்கறானோ, எனக்குத் தெரியாது. தண்ணிக்குத் தவிச்சிருக்க மாட்டான். அத எழுது.” லேமினேஷன் மேல் பேனா எழுதாது என்றேன். “எழுதறதுல எழுது” என்று அதட்டினார். மார்க்கரை எடுத்து எழுதினேன். வழவழப்பில் எழுத்து கோணிக்கொண்டது. இது கை பட்டால் அழிந்துவிடும் பெரிம்மா என்றேன். அழிந்தால் மறுபடி எழுது என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதார். கடை என்றும் பாராமல், தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றும் திங்கட்கிழமைகளில் மனு உண்டு. மனையை விற்ற பிறகு தங்கை வீட்டில், என் அம்மாவோடு, இருக்கிறார். போன வாரம் அனந்தபுரத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அந்த நாட்டுக்குப் போக என்னிடம் ஏதோ தாள் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். எட்டாவது பாதி அழிந்திருந்தது. அந்த ஆள் விரலை வைத்துப் படித்தான்.

“மொத ஏழும் அச்சுல கீது, இது மட்டும் இன்னா சார் கையால எழுதிக் கீறீங்க?”

“ஏழும் நான் எழுதினது, நான் அங்க போனதில்ல. எட்டாவது போயிட்டு வந்தவங்க சொன்னது.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்குப் போனாங்க? வேலைக்கா?”

மார்க்கரைத் தேடி எடுத்து, அழிந்த எழுத்துகளின் மேலேயே மறுபடி எழுத ஆரம்பித்தேன்.

“சுத்திப் பாக்கத்தான்மா” என்றேன்.