உப்பிட்டவர் பெயர் முதல் வரியில்

அறைக்குள் நுழைந்ததும் ஹேமாவதி குளியலறைக் குழாயைத்தான் திறப்பார். வெந்நீர் வருகிறதா, வந்தால் நிலையாக வருகிறதா என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார். விடுதிக்காரர் வாசலில் இளநீரோடு காத்திருப்பார். "எளநி எங்க சார் ஓடிடப் போவுது? தண்ணிய பாத்துக்கினு வந்துடறேன்." பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஒரு குதி, தலையணையை எடுத்து ஒரு மோப்பம், ஜன்னல் கொக்கியைப் பிடித்து ஒரு ஆட்டு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த அம்மாள் பார்ப்பதே பல்லைத்தான்.

இத்தனைக்கும் அறை ஓசி, சாப்பாடும் ஓசி. 'போய்ட்டு வாங்க' என்ற பெயரில் வியாழக்கிழமைதோறும் மின்னஞ்சலில் ஒரு பயண மடல் அனுப்புகிறார். தாம்பரத்தில் ரயிலோ பஸ்ஸோ ஏறி, சனி ஞாயிறுக்குள் வீடு திரும்பக்கூடிய ஊர்கள் மட்டும்தான் அதில் வரும். விடுதிக்காரர்களும் வேன்காரர்களும் விளம்பரப் பணம் தருகிறார்கள். இப்படி எழுதுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு இளக்காரம் உண்டு. கூலிக்கு மாரடிக்கிறவர்கள் என்பது என் எண்ணம். ஆனால் இவருடைய மடலின் முதல் வரி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. அதனால்தான் தேடிக்கொண்டு போனேன்.

அந்த முதல் வரி எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 'இந்த வாரம் உப்பிட்டவர் இன்னார்.' கூடவே, அறை அவருடையது, ரயில் டிக்கெட் என்னுடையது, ராத்திரி சாப்பிட்ட மீன் வறுவலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் என்று விவரம் வேறு. விளம்பரம் என்கிற சொல்லையே ஊரெல்லாம் எறும்பு எழுத்தில் கடைசியில் ஒளித்து வைக்கிறார்கள், உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"கல்யாண வூட்ல மொய் எழுதுனவங்க பேரை மைக்ல சொல்றாங்க இல்ல சார், அது மாரிதான். வாங்குறது அசிங்கம் இல்ல. வாங்கிக்கினு மூடி வெக்கிறதுதான் அசிங்கம்."

இராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் கணவர் லோகநாதன் பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துப் போடும் கடை வைத்திருக்கிறார். மடலின் அலுவலகமும் அதுதான். ரெக்சின் சுருள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் லேப்டாப். வேளச்சேரி சாலையின் ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்து இவர் கொல்லிமலையின் அமைதியைப் பற்றி எழுதுவதை நானே கண்ணால் பார்த்தேன், சிரிப்பு வந்தது. இதற்கு முன் பல்லாவரத்தில் ஒரு டிராவல்ஸ் கவுன்ட்டரில் வேலை பார்த்திருக்கிறார். "பாக்காத ஊரை எல்லாம் சூப்பர் சூப்பர்னு சொல்லிச் சொல்லி எனக்கே பேஜாரா பூடுச்சு சார். அதான் வுட்டுட்டேன்."

இன்னொரு பழக்கமும் உண்டு. மடலை அனுப்புவதற்கு முன், அந்த வாரம் உப்பிட்டவரை போனில் அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுவார். ஊர்ப் பெயரோ பஸ் நேரமோ தப்பாக இருந்தால் திருத்திக்கொள்வார். குறை எழுதியிருந்தால் எடுக்க மாட்டார். "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா கோவம் மட்டும்தான் வரும். முதுகுக்குப் பின்னால எழுதிட்டாங்கன்னு ஒருத்தர் நம்மள சொல்லக் கூடாது பாருங்க" என்பார்.

எங்கள் பழக்கம் முற்றிவந்த சமயத்தில்தான் ஏற்காடு விவகாரம் வந்தது. அங்கே சின்னதாக ஒரு விடுதி நடத்தும் குப்புராஜ், வருடம் முழுவதும் மடலுக்கு விளம்பரம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இன்று வருவார்கள், நாளை காணாமல் போவார்கள். நிலையாக நின்றவர் இவர் ஒருவர்தான். அவருடைய விடுதியில் தங்கிவிட்டு வந்த ஹேமாவதி, 'முட்டிவலிக்காரர்களும் தாராளமாகப் போகலாம்' என்று எழுதினார். அதை நம்பி, பொழிச்சலூரில் இருக்கும் லாசரஸ் என்ற வாசகர், முட்டியில் ஆபரேஷன் ஆன மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவர்களுக்குக் கிடைத்த அறை விடுதிக்குப் பின்னால், சரிவின் அடியில் இருந்தது. இறங்கிப் போகக் கருங்கல் படிக்கட்டு. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அந்த அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தே கீழே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

லாசரஸ் திட்டி எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: "சிஸ்டர், நீங்க தங்குனது எந்த ரூம்?"

ஹேமாவதி தங்கியது வாசலை ஒட்டிய முன் அறை. ஓசி விருந்தாளிக்கு எந்த ஊரிலும் முன் அறைதான் கொடுப்பார்கள். குழாயையும் தலையணையையும் அத்தனை கிளறிப் பார்த்தவருக்கு, காசு கொடுத்து வருகிறவர் வேறு அறையில் படுப்பார் என்பது மட்டும் தோன்றாமலே போய்விட்டது.

"அவங்க காமிச்ச ரூமைத்தான் சார் நான் பாத்தேன். மூணு வருசமா எங்க போனாலும் காமிச்சதத்தான் பாத்துக்கினு வந்துகீறேன்" என்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியிலேயே தன் செலவில் ஏற்காட்டுக்குப் போய், சரிவில் இருக்கும் அறையைக் கேட்டு வாங்கி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தார். அவர் திரும்புவதற்குள் லாசரஸ் விஷயம் குப்புராஜுக்கு எட்டிவிட்டது. அவர் லாசரஸை அழைத்து மன்னிப்புக் கேட்டு, அடுத்த தடவை முன் அறையைச் சும்மாவே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். லாசரஸும் சமாதானமாகி, "விடுங்க சிஸ்டர், எழுத வேணாம்" என்று ஹேமாவதிக்குச் செய்தி அனுப்பினார்.

லோகநாதனுக்கு நிம்மதி. தையல் மெஷினிலிருந்து நிமிராமலே சொன்னார்: "அவங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. நடுவுல உனக்கு இன்னா ஹேமா? குப்புராஜும் பூட்டாருன்னா மறுபடியும் பல்லாவரம் கவுன்ட்டர்தான், சொல்ட்டேன்."

"லாசரஸ் சாருக்கு ரூம் கெடைச்சிடும். நான் எழுதுனதப் படிச்சிட்டு அடுத்து ஒருத்தர் கெளம்பிப் போவாங்களே, அவங்களுக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கவுன்ட்டர நெனச்சாலே ஒரு மாரி கீது சார்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கடையில் இருந்தபோதுதான் குப்புராஜுக்கு போன் போட்டார். கை இரண்டும் லேப்டாப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, போனை ஒரு ரெக்சின் சுருளின்மேல் சாய்த்து வைத்தார். வாசிக்க ஆரம்பித்தார்.

"இந்த வாரம் உப்பிட்டவர் யாரும் இல்லை, செலவு என்னுடையது. முன்பு இதே விடுதியைப் பற்றி நான் எழுதியபோது உப்பிட்டவர் ஏற்காடு குப்புராஜ். அப்போது முட்டிவலிக்காரர்கள் போகலாம் என்று எழுதினேன். அது தப்பு. எனக்குக் கொடுத்த முன் அறையை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது. அங்கே மற்ற அறைகளுக்குப் படிக்கட்டில் இறங்கித்தான் போக வேண்டும். கம்பி கிடையாது."

"மேடம், மேடம்" என்று குப்புராஜ் குறுக்கிட்டார். "அவருக்குத்தான் சரி பண்ணிக் குடுத்துட்டேனே. இன்னும் எதுக்கு இது? இதப் படிச்சா வயசானவங்க ஒருத்தராவது என் பக்கம் வருவாங்களா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீங்க அதையே முதல் வரில எழுதுற ஆளு."

"நெனச்சிக்கினுதான் சார் கீறேன். முழுசா கேளுங்க."

"இதுக்கு மேல கேக்க என்னங்க இருக்கு? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். என் பேரை எடுத்துடுங்க." லைன் அறுந்தது.

தையல் மெஷின் நின்றது. வெளியே ஒரு பஸ், முன்னால் நின்ற ஆட்டோவைத் திட்டிக்கொண்டே இருந்தது. போன் திரை சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டுக் கறுத்தது. ஹேமாவதி அதை எடுத்து வைக்கவில்லை. நிறுத்திய இடத்திலிருந்து அதே குரலில், அந்த போனைப் பார்த்தே மிச்சத்தையும் வாசித்தார்.

"சரிவு அறையின் ஜன்னலைத் திறந்தால் மிளகுக் கொடி கைக்கு எட்டுகிறது. குப்புராஜின் வீட்டம்மா காலையில் சுடச்சுட ராகி அடை போட்டுத் தருகிறார், கேட்காமலே இரண்டாவதும் வைக்கிறார். அறைகள் சுத்தம், மனுஷர்கள் நல்லவர்கள். முட்டி நன்றாக இருக்கிறவர்கள் அவசியம் போய்ட்டு வாங்க."

கடைசி வரிவரை வாசித்துவிட்டு, போனை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் மடலை அனுப்பினார்.