காலுறைக்குள் ஒரு எலுமிச்சைக் குச்சி

வளைகுடாவில் என் முதலாளியின் தோட்டத்து எலுமிச்சையில் விதையே இருக்காது. பிழிந்தால் சாறு கொட்டும். புளியங்குடியில் இருக்கும் என் மரங்களில் ஒட்டுக் கட்டலாம் என்று, ஊர் திரும்பும்போது ஏழு குச்சிகளை வெட்டிக்கொண்டேன். ஆறைப் பெட்டியில் வைத்தேன். பிடிபட்டாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று ஏழாவதைக் காலுறைக்குள் செருகினேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். பேச்சிலேயே எங்கள் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது.

"அனுமதி இல்லாம இதக் கொண்டுபோகக் கூடாது அண்ணாச்சி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன தங்கமா கடத்துதேன்? வெறும் குச்சி சார்!"

"தங்கம் கடத்துனா அரசாங்கத்துக்கு வரிதான் நட்டம். இதுல நோய் இருந்தா ஊர்ல உள்ள மரம் பூரா போயிரும். ஒங்க தோட்டத்துக்கு வேலி இருக்கா?"

"இருக்கு."

"நோய்க்கு அந்த வேலி தெரியுமா?"

ஆறு குச்சிகளையும் எடுத்துக்கொண்டார். முனகிக்கொண்டே வெளியே வந்தேன். ஊருக்குப் போகும் வழியில் தென்காசியில் சாரல் முகத்தில் அடித்தபோதும் காலுறைக் குச்சி உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை கத்தியோடு தோட்டத்துக்குப் போனேன். பட்டையைக் கீறப்போன நேரத்தில்தான் கவனித்தேன். பக்கத்துத் தோட்டத்து எலுமிச்சை மரம் வேலியைத் தாண்டி என் மரத்தின்மேல் கிளையைச் சாய்த்திருந்தது. தன் தோட்டத்து மரங்களை நம்பித்தான் பக்கத்துத் தோட்டக்காரர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்.

வீட்டுக்கு வந்து குச்சியை அடுப்பில் போட்டேன்.

"என்னத்தப் போடுதிய?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

அந்த அதிகாரி என் பெட்டியைச் சோதித்தார். காலுறையை நான்தான் சோதிக்க வேண்டியிருந்தது.