பாதி மலையில் திரும்பினோம்

மலையேறுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லாத சங்கதி. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மேல்வீட்டு ஜெர்மன் தம்பதி, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஆளுக்கு இரண்டு தடியைப் பிடித்துக்கொண்டு காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருப்போம். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இருந்த இருப்பிலேயே நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவனுக்குத் தடி எதற்கு?

ஆனால் போன பங்குனியில் ஒரு வார விடுமுறைக்குக் கனேரித் தீவுகளில் ஒன்றுக்குப் போயிருந்தபோது, ஹோட்டல் பல்கனியில் நின்று என் மனைவி ஒரு மலையைக் காட்டினாள். தீவு முழுக்கப் பாலைவனம். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லும் புழுதியும் காற்றும்தான். மலையும் வறுத்த மாவின் நிறத்தில் மொட்டையாக நின்றது.

"இஞ்சருங்கோ, நாளைக்கு அதில ஏறுவம்."

"அதுக்குப் பாதை இல்லையாம். பாதியில இருக்கிற கணவாய் வரைக்கும்தான் பாதை போகுதாம். ஹோட்டல்காரன் சொன்னவன்."

"ஆடு ஏறுது. பாருங்கோ."

ஆட்டோடு போட்டி போடுகிற வயதா எங்களுக்கு? ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். நடக்க ஏலாதவர்களைத் தூக்கி இருத்தி, குளிக்கவார்த்து, கட்டிலில் ஏற்றி இறக்குவதுதான் தொழில். அதற்கு முந்திய வருடம் மார்பில் ஒரு கட்டி வந்து, வெட்டி எடுத்து, மருந்தேற்றி, தலைமயிர் கொட்டி, ரெர்மின் ரெர்மின் என்று குறித்த நாளுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். வைத்தியம் எல்லாம் முடிந்து, இனிப் பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு இல்லத்திலிருந்து கேட்டார்கள்: திரும்பி வருகிறீர்களா, இல்லை பென்சனுக்குப் போகிறீர்களா?

பென்சன்தான் என்றேன் நான். அந்த ஒரு வருடமும் தேத்தண்ணிக் கேத்திலைக்கூட அவளைத் தூக்க விடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்பேன். "ஆமி சென்றி மாதிரி நிக்காதேங்கோ" என்று உள்ளேயிருந்து பேச்சு விழும். விழட்டும். எனக்குப் பயம். இவள் போய்விடுவாள் என்று கிடந்து நடுங்கியவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அன்று பல்கனியில் நேர்த்தி வைக்கிறவள் போலச் சொன்னாள்: "அந்த உச்சிக்குப் போய் வந்தனெண்டால் வேலைக்குப் போறன். ஏலாமல் போச்சுதெண்டால் நீங்கள் சொல்லுற மாதிரி பென்சன் கேட்டு அன்ராக் எழுதிக் குடுக்கிறன். பிறகு கதை இல்லை."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கணவாய்க்குப் போக முன்னமே களைத்துவிடுவாள், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

காலைச் சாப்பாட்டு மேசையில் பாணும் அவித்த முட்டையும் எடுத்து, கைதுடைக்கும் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் போத்தலும் பைக்குள் போனது. தண்ணீர் என் முதுகில். கணவாய் வரை நல்ல பாதை. அதற்கு மேலே ஆடு மிதித்த தடம்தான். கொஞ்சத் தூரத்தில் அதுவும் காணாமல் போனது. அவள் களைக்கவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். கால் வைத்த இடமெல்லாம் கல் சறுக்கிச் சறுக்கிக் கீழே உருண்டது. ஒரு கல் எதுவரை உருள்கிறது என்று பார்க்கத் திரும்பினேன்.

திரும்பியிருக்கக் கூடாது. கல் நிற்கவில்லை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல நேரே கடல் தெரிந்தது. அப்படியே குந்தி, பக்கத்தில் இருந்த முட்பற்றையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா?" என்றாள் மேலேயிருந்து.

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"ஒண்டும் ஏலாது. எழும்பவும் ஏலாது."

உச்சியைப் பார்த்தாள். கிட்டத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். "நடிக்கிறியளோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் முள் குத்தியும் நான் பிடியை விடாததைக் கண்டதும் அவள் முகம் மாறியது. பக்கவாட்டாகக் காலை ஊன்றி இறங்கி வந்து, எனக்குக் கீழ்ப்பக்கமாக, கடலை மறைத்துக்கொண்டு குந்தினாள். அப்போது அவளுக்கு வேறொரு குரல் வந்தது. வேலை முடிந்து அவளை ஏற்றிவரப் போகும்போது இல்லத்து வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அங்கே யாரையும் 'எழும்புங்கோ' என்று சொல்வதில்லை. எல்லாமே 'நாங்கள்'தான்.

"நல்லது. இப்ப நாங்கள் ஒரு மூச்சு எடுக்கிறம். இன்னொண்டு. இப்ப நாங்கள் அந்தப் பத்தையை விடுறம். கடலைப் பாக்கேல்லை, என்ர முகத்தைப் பாக்கிறம். இப்ப வலது கால்."

எனக்கு வெட்கமும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் கால் அவள் சொல்லைக் கேட்டது. என் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்து, என் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டாள். மார்பில் வெட்டுப்பட்ட பக்கத்துக் கை.

"கை! உம்மட கையைக் கவனியும்!" என்று கத்தினேன்.

"இப்ப நாங்கள் வாயை மூடுறம்" என்றாள்.

கணவாய் வரைக்கும் அப்படியே வந்தோம். சில இடத்தில் நிலத்தில் இருந்தபடியே அரக்கி அரக்கி இறங்கினோம். சில இடத்தில் என் பாரம் முழுக்க அவள் மேல்தான். சமதரையில் கால் பட்டதும் கல்லொன்றில் சாய்ந்துவிட்டேன். அவள் பையைத் திறந்து முட்டையை உடைத்து, மிளகாய்த்தூள் தூவி என்னிடம் தந்தாள்.

"நீர் போய்ட்டு வாரும். நான் இதில இருக்கிறன்" என்றேன்.

"தனிய ஏறுற இடமே அது? வெயிலும் ஏறிப்போச்சு. சாப்பிடுங்கோ."

நான் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. உச்சிக்குப் போகவில்லை, இனி வேலை இல்லை, வீட்டில் என் கண்முன்னால் இருப்பாள். கேட்ட வரம் கிடைத்தும் முட்டையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அவள் ஆசையை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

"அப்ப, பென்சனோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏன்?"

"உச்சிக்குப் போகேல்லையே."

"உச்சி கிடக்கட்டும்." விரலில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளை நக்கினாள். "உங்களை அந்தச் சரிவால இறக்கிக் கொண்டந்தனான். எங்கட இல்லத்தில உங்களைவிடப் பாரமான ஆள் ஒருத்தருமில்லை. வீட்டை போன உடனை ரெலிபோன் எடுத்து, வேலைக்கு வாறன் எண்டு சொல்லப்போறன்."

சொல்லிவிட்டு, வெட்டுப்பட்ட பக்கத்து அந்தக் கையாலேயே பாணைப் பிய்த்தாள். பாதியை என்னிடம் நீட்டினாள். இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்னபோது நம்பாதவன், என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று அந்தக் கல்லில் சாய்ந்திருந்துதான் நம்பினேன்.

அவள் எழும்பி, புழுதியைத் தட்டிவிட்டு, எனக்குக் கையை நீட்டினாள். வேறு நாளென்றால் வேண்டாம் என்று நானே கையை ஊன்றி எழும்பியிருப்பேன். அன்று அதைப் பிடித்து, என் முழுப் பாரத்தையும் கொடுத்து எழும்பினேன்.