காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்

அறிவியல் சார் போர்டில் வரிசையாக எழுதினார். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப், பெரிஸ்கோப், ஸ்டெதஸ்கோப். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், அது கிரேக்கக்காரன் சொல், பார்ப்பது என்று அர்த்தம் என்றார்.

"ஸ்டெதஸ்கோப்ப காதுலதான சார் வைக்கிறாங்க?"

"கண்ணுக்குத் தெரியாத எடத்த எதால தெரிஞ்சுகிட்டாலும் பாக்குறதுதான். ஒக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது பெரிஸ்கோப் மட்டும். மறைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பதை அது காட்டும். எங்களுக்கு அப்படி ஒரு மறைப்பு இருந்தது.

அரியலூர் பக்கம் எங்கள் புஞ்சையை ஒரு சிமெண்ட் கம்பெனி சுண்ணாம்புக்கல் தோண்ட வாங்கியிருந்தது. பேசி முடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. புஞ்சை நடுவில் வேப்பமரம், அதனடியில் எங்கள் முனியப்பர் கல். கல்லைத் தொட மாட்டார்கள், ஆடிப் பொங்கலுக்கு வழி விடுவார்கள் என்று கற்பூரம் அடித்துச் சொன்னார் மாமா. கம்பெனி முதலில் கட்டியது காம்பவுண்டு.

ஆடி வந்தது. கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சாமியா? ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க."

அப்பா வீட்டுக்கு வந்து அரிவாளைத் தீட்டினார். அம்மாவிடம் சொன்னார்: "கல்லு எடத்துல இருந்தா சரி. இல்லன்னா ஒந்தம்பி தல இருக்காது." அப்பா சும்மா சொல்கிற ஆள் இல்லை. பங்காளி ஒருவர் தோளில் அவர் வெட்டின தழும்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை காம்பவுண்டு ஓரம், வெளியிலேயே பொங்கல் வைத்தோம். அரிவாள் அப்பாவின் இடுப்பில். மாமாவும் வந்திருந்தார். காலண்டர் அட்டையை ஒட்டி, உடைந்த கண்ணாடியில் இரண்டு துண்டு வைத்து நான் செய்த பெரிஸ்கோப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடி இது, மழத்தண்ணி கொழாயா? சினிமா கினிமா காட்டப் போறியா?"

"சாமியப் பாக்கறதுக்கு மாமா."

சிரிப்பு நின்றுவிட்டது.

சுவரோரம் கிடந்த பாறை மேல் ஏறி நின்று நான்தான் முதலில் பார்த்தேன். வேப்பமரம் இல்லை. கல் இல்லை. வெள்ளையாகப் பள்ளம், அதற்குள் ஒரு லாரி. வாயைத் திறப்பதற்குள் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்பா சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். விற்ற மண்ணை விற்றவன் பார்க்கக் கூடாது, எங்கள் வழக்கம். "நீ பாத்துச் சொல்லு. பானை பொங்குது, பொய் சொல்லாத" என்றார்.

அம்மா ஏறினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருக்காரு. மரத்தடியிலதான் இருக்காரு. யாரோ மால கூட போட்டிருக்காங்க."

"அம்மா, அங்க..."

தொடையில் திருகினாள். அப்படி ஒரு திருகு அதற்கு முன் வாங்கியதில்லை. பெரிஸ்கோப்பை அந்தப் பாறையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தூள்தூளானது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வெளயாட்டு? போயி வெறகத் தள்ளு."

அப்பா இடுப்பு அரிவாளை எடுத்துத் தேங்காய் உடைத்தார்.

நான் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. சாமி முன்னால் பொய் சொன்னவள், நான் செய்ததை உடைத்தவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. கோபம் நிற்கவில்லை. இப்போது அது அந்தக் கம்பெனி மேலும் மாமா மேலும் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மா பொய் சொன்னாள் என்பது மட்டும்தான். இலையில் பொங்கலை வாங்கிய மாமா அதை வாயில் வைக்காமல் ஏன் நின்றார், அம்மா ஏன் தம்பி முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள், ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் ரொம்பச் சூடு போல என்று நினைத்துக்கொண்டேன்.