தொரைக்குப் பூசிய கறுப்பெண்ணெய்

ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை கறுப்பெண்ணெய். லாரி இன்ஜினிலிருந்து வடித்தது. அதைப் பழைய பேப்பரில் சுற்றி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, ஈப்போவிலிருந்து பீடோர் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் கொண்டுபோனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளே, நல்லது செய்யப் போகிறோம் என்ற நினைப்போடுதான் போனேன்.

உங்கள் அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா, அப்போது அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு பெரும்பாலான குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன. மாமா போகவில்லை, குலை வெட்டும் வேலையோடு அங்கேயே இருந்துவிட்டார். துணைக்கு ஒரு செவலை நாய். காலையில் அது லயத்து வாசல்களில் ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் தோட்டத்து மேனேஜரைத் துரை என்பார்கள், அவரும் இப்படித்தான் வேலையைப் பார்த்துக்கொண்டு வருவார். அதனால் மாமா நாய்க்குத் தொரை என்றே பெயர் வைத்துவிட்டார். "தொர வாறாரு, எந்திரிச்சு நில்லுங்க" என்று அடுத்த வீட்டு அக்காவைக் கேலி செய்வார். அந்த அக்காவும் விடமாட்டார். "ஒங்க தொர எங்க வீட்டு நெத்திலியத் திருடித் திங்கிறாரு, அத மொதல்ல கேளுங்கண்ணே" என்பார்.

ஒரு வருஷம் தொரைக்குச் சொறி வந்தது. காது ஓரத்தில் தொடங்கி முழங்கால், வயிறு என்று பரவி முடியெல்லாம் கொட்டிவிட்டது. பிராண்டிப் பிராண்டி இரத்தம் வந்தது. மாமா எனக்குப் போன் செய்தார். "மாப்ள, ஈப்போவில நாய் கிளினிக் இருக்காமே, தூக்கிட்டு வரவா?"

நான் சிரித்தேன். தோட்டத்தில் நாய்க்குச் சொறி என்றால் இன்ஜின் எண்ணெயைப் பூசுவார்கள். என் அப்பாவும் பூசியிருக்கிறார். பூச்சி மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. நானோ ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன், எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. "அதுக்கெதுக்கு கிளினிக் மச்சான், ஞாயித்துக்கெழம நான் வாரேன்" என்றேன்.

சொன்னபடி போய் நானே பூசினேன். புண்ணில் பட்டதும் தொரைக்கு எரிந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் அது ஓடவில்லை, கடிக்கவில்லை. மாமா அதன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அவர் பிடித்திருந்ததால்தான் அது நின்றது.

மறுநாள் வாந்தி. நாய் தன் உடம்பை நக்கும் என்பது எனக்குத் தெரியாததா? இருந்தும் போனில், மருந்து வேலை செய்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். நான்காம் நாள் அது எழுந்திருக்கவில்லை. நண்பரின் வேனை வாங்கிக்கொண்டு போனேன். மாமா அதைத் தன் சாரோங் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவரை வந்தார்.

டாக்டர் ஒரு சீனப் பெண். அவர் என்னிடம் பேசியபோது மாமா அருகில் இல்லை, வாந்தி பட்ட சாரோங்கை அலசப் பின்பக்கம் போயிருந்தார். இந்தச் சொறி தோலுக்குள் குடையும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது, மருந்து கொடுத்தால் ஆறியிருக்கும் என்றார் டாக்டர். எண்ணெய்தான் தோலை வேகவைத்துவிட்டது, நக்கியது உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்றார். மலாயில் மெதுவாகச் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாமா ஈரக் கையோடு வந்து, "என்னவாம் மாப்ள?" என்று கேட்டார்.

"நோய் முத்திப்போச்சாம் மச்சான்" என்றேன்.

மத்தியானம் தொரை போய்விட்டது. திரும்பும்போது தாப்பா தாண்டியதும் மாமா சொன்னார்: "அன்னிக்கே தூக்கிட்டு வந்திருக்கணும்லா. நாந்தான் லேட் பண்ணிட்டேன்." நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நம் வீட்டில் நீங்கள் கொண்டுவந்த குட்டி இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் நான் அதன் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது உண்ணிக் காய்ச்சலுக்காக. பூச்சி மருந்து கொடுக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். போன மாதம் அது நொண்டியபோது சின்னவன் பெனடோல் வலி மாத்திரையோடு வந்தான், நான் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். நமக்குக் கேட்கிற மாத்திரை நாய்க்கு விஷமாகலாம் என்று சாந்தமாகச் சொல்லியிருக்கலாம். எதைப் பூசினாலும் எதைக் கொடுத்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவ்வளவுதான் நான் படித்த பாடம்.

மாமா போன வருஷம் காலமானார். தொரைக்குப் பிறகு அவர் இன்னொரு நாய் வளர்க்கவில்லை. நீங்கள் சின்ன வயதில் ஏன் என்று கேட்டபோதெல்லாம், "எனக்கு நாய் வளக்கத் தெரியாதுடா கண்ணு" என்பார். நீங்களும் நம்பினீர்கள். அவருக்குத் தெரியும், பிள்ளைகளே. என்னைவிட நன்றாகவே தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருஷம் கிடைத்தது. நான் சொல்லவில்லை.