எந்தச் சேனலிலும் வராத ஊர்

தாமிரபரணி கரை உடைத்த அந்த வாரம், என் அண்ணன் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். அவருக்குப் போன் போகவே இல்லை. எங்கள் தெருவில் போன கரண்ட் மறுநாளே திரும்பி வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் முந்நூறு சேனல் வரும். செய்திச் சேனல்களாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எங்கள் ஊர் ஜங்ஷனில் தண்ணீர் நின்ற அதே காட்சிதான். மீதி நேரம் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். அண்ணனின் கிராமத்தை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்ததில் வரும் என்று இரண்டு நாள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

"நேர்ல போக வழி உண்டான்னு விசாரிங்களேன்" என்றாள் மனைவி.

"ரோடு தெறந்தா டிவில சொல்லுவான்" என்றேன்.

மூன்றாம் நாள் அண்ணனே முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். வீடு இடிந்துபோனதால் மதினியைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்.

"டிவியவே பாத்துக்கிட்டு கெடந்தேன்ணே. உங்க ஊர எதுலயும் காட்டல."

"பக்கத்து வீட்டுக்காரன் மச்சான் திருச்செந்தூர்ல இருந்து நடந்தே வந்து அவங்கள கூட்டிட்டுப் போனான்லே."

"அப்போ ரோடு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் என் மனைவி கொடுத்த அரிசியையும் சேலைகளையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். கூட வருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீ இங்கனயே இரு."

அதன் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை.